ஐம்பது குழிப் பெட்டி

சகரன் மச்சான் போனில் குழாய்ப் பேச்சே எடுக்கவில்லை.
"உன் பூதக்கண்ணாடியைக் கொண்டு வா" என்றார்.
வெருலத்தில் அன்று விடியலிலிருந்தே தூறல்.
கொளுத்திய கரும்புக்காட்டின் சாம்பல்
வேன் கண்ணாடியில் மையாய் இழுபட்டது.

கோழிக்கூண்டுப் பலகையில், தீவன மூட்டைக்குப் பின்னால்
ஒரு பிளாஸ்டிக் பெட்டி.
ஐம்பது குழிகள். ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாக்கள்,
கராஜில் நெம்புகோல் இழுத்து
அவரே மறுபடி நிரப்பியவை.
"நிரப்பினதோட சரி, சுடவேயில்லை.
பார், தானாகப் பிளந்திருக்கு."

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் உருட்டினேன்.
வாயிலிருந்து கீழே ஒரு மயிரிழை.
நகத்துக்குத் தட்டுப்பட்டது.
அடுத்ததிலும்.
அதற்கடுத்ததிலும்.

எனக்குத் துப்பாக்கி தெரியாது.
பித்தளை தெரியும்.
ஆஸ்பத்திரிக் கழிப்பறையில், மூத்திரத் தொட்டிக்கு மேலே
முறுக்கிப் பூட்டிய நட்டுகள்
ஆறு மாதத்தில் இப்படித்தான் வாய்விடும்.
யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

சொன்னேன்:
ஒவ்வொரு வெடிக்கும் இது விரிகிறது.
நீங்கள் அச்சில் தள்ளி ஒடுக்குகிறீர்கள்,
வாயை அகட்டுகிறீர்கள்,
குண்டை வைத்து மறுபடி நெரிக்கிறீர்கள்.
அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள்,
பித்தளை நகராது மச்சான், இறுகும்.
எட்டாம் முறையோ பத்தாம் முறையோ
இனி வளைய மாட்டேன் என்று நிற்கும்.

"அது தெரியும்" என்றார் கொஞ்சம் கோபமாய்.
"கையில் குலுக்கினால் கீறினது மட்டும்
தகரம்போலக் கேட்கும். பொறுக்கி எறிந்துவிடுவேன்.
இது ரெண்டு வருசம் சும்மா கிடந்தது."

சும்மா கிடக்கவில்லை.
உள்ளிருந்து குண்டு நெட்டிக்கொண்டே இருந்தது,
உறை கவ்விக்கொண்டே இருந்தது,
இரவும் பகலும் அதே பிடி.
அதன்மேல் இந்தக் கோழி எச்சத்தின் நெடி,
கண்ணைக் கரிக்கிறதே, அதே அமோனியா,
ஈரக்காற்றோடு சேர்ந்து
எங்கே இறுக்கமோ அங்கே பார்த்து நுழையும்.
வீட்டு அலமாரியில் இன்னும் பல வருடம் தாங்கியிருக்கும்.
இங்கே ஏன் வைத்தீர்கள்?

ஒரு பெட்டையைக் காலால் ஒதுக்கினார்.
"கோகிலா வீட்டில் வேண்டாம்னுட்டா.
அந்த ஜூலைக்கு அப்புறம்."

அந்த ஜூலை.
கடைகள் எரிந்த வாரம்.
தெருமுனைகளில் டயரும் உடைந்த கட்டிலும் போட்டு
ஆண்கள் விடியவிடிய நின்றோம்.
நான் கீழ்த்தெருவில், குழாய்ச் சாவியோடு.
அவர் மேலே, பாலத்தருகே.
மூன்றாம் இரவு ஒரு சத்தம் கேட்டது.
டயர் என்றார்கள்.
எரிகிற டயர் வெடிக்கத்தான் செய்யும்.

"தீயில் வாட்டினா இளகுமாமே?"
இளகும்.
வெறும் உறையாயிருந்தால்.
மருந்தும் குண்டும் உள்ளே இருக்கையில்
நெருப்பின் பக்கம் கொண்டுபோக முடியாது.
முதலில் பிரித்து, உள்ளதை வெளியே எடுக்க வேண்டும்.
தலையாட்டினார், கோழிகளைப் பார்த்தபடி.
அப்படிச் செய்தாலும் கீறியது கூடாது என்பதை
நான் சொல்லவில்லை.

கண்ணாடியைச் சட்டையில் துடைக்கும்போதுதான் பார்த்தேன்.
கடைசி வரிசை, இடது மூலை.
அந்தக் குழி காலி.

கீழே விழுந்து உருண்டிருக்கலாம்.
சுடுதளத்தில் தீர்ந்திருக்கலாம்.
ஒன்றே ஒன்றைச் சுடவா
ஒருவர் சுடுதளம்வரை போவார்?

மூடியை அழுத்திச் சாத்தினார். டக்.

அக்கா ஆறு முட்டையைப் பேப்பரில் சுற்றித் தந்தாள்.
"என்னடா ஆச்சாம்?"
"பித்தளைதான்க்கா" என்றேன்.
அவள் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
"மெதுவா ஓட்டு, உடைஞ்சிடும்" என்றாள்.

டோங்காட் திருப்பம் வரை
துடைப்பானின் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒன்றாய்
பெட்டியை மறுபடி மறுபடி எண்ணினேன்.
நாற்பத்தொன்பதைத் தாண்டவில்லை.